லாரிக் கசடு வயலுக்குப் போகும் முன்: நம் ஊருக்கு எந்த முறை சரிவரும்?

விடிகாலை ஐந்தரை மணிக்கு, வீடுகளின் செப்டிக் டேங்கிலிருந்து அள்ளிய கசடோடு டேங்கர் லாரி தோப்பு வரப்போரம் வந்து நிற்கும். ஹோஸை இழுத்துப்போய்த் தென்னையைச் சுற்றி வெட்டிய வட்டப்பாத்தியில் திறந்துவிடுவார்கள். கறுப்பாக, நுரையோடு இறங்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆறாயிரம் லிட்டரும் காலி. என் சித்தப்பா தோப்பில் இது பல வருடம் நடந்தது. காய் நன்றாகப் பிடித்தது உண்மை. மட்டை பொறுக்க வந்த பெண்கள் அந்தப் பாத்தியை வெறுங்காலோடு மிதித்து நடந்ததும் உண்மை. கசடை உரமாக்குவது பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது நிலைமை மாறி வருகிறது. செப்டிக் டேங்க் கசடை எப்படிக் கையாள வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2014-இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அப்புறம் பெரியநாயக்கன்பாளையம், கருங்குழி போன்ற ஊர்களில் கசடுக்கென்றே சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. லாரி தோப்புக்குப் போகாமல் நிலையத்துக்குப் போகிறது. மணல் படுகையில் கசடைப் பரப்புகிறார்கள், தண்ணீர் கீழே வடிகிறது, வெயில் நன்றாக அடித்தால் இரண்டு மூன்று வாரத்தில் வற்றிய குளத்து மண் மாதிரி வெடித்துக் காய்கிறது. அந்தக் காய்ந்த கட்டியை அடுத்து என்ன செய்வது? கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

ஓர் ஊரை மனதில் வைத்துக்கொள்வோம். இருபத்தைந்தாயிரம் பேர் இருக்கும் பேரூராட்சி. நாளைக்கு மூன்று லாரி வருகிறது. உலர் படுகை ஏற்கெனவே உண்டு. சுற்றிலும் தென்னை, வாழை, கொஞ்சம் காய்கறி. விவசாயிகள் வாங்கத் தயார். செப்டிக் டேங்க் கசடில் நூற்றுக்கு இரண்டு பங்கு திடப்பொருள் என்று வைத்தால், ஒரு லாரிக்கு 120 கிலோ. மூன்று லாரிக்கு 360 கிலோ. வருடத்துக்குச் சுமார் 130 டன். பெரிய ஆலை கட்டும் அளவு சரக்கு இது இல்லை. ஆனால் ஏனோதானோவென்று கொட்டிவைத்தால் ஊரே நோயில் விழுகிற அளவு.

காய்ந்த கட்டியைக் கையில் எடுத்தால் நாற்றம் இருக்காது, மண் மாதிரி உதிரும். 'இதில் இனி என்ன இருக்கப்போகிறது' என்று தோன்றும். ஏமாற்றுவதே அந்தத் தோற்றம்தான். பாக்டீரியா பெரும்பாலும் வெயிலிலும் உலர்ச்சியிலும் குறைந்துவிடும். நாக்குப்பூச்சி முட்டை குறையாது. உருண்டைப்புழு என்று டாக்டர்கள் சொல்லும் அந்தப் புழுவின் முட்டைக்குத் தடித்த ஓடு உண்டு. மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஒரு முறையை மதிப்பிட வேண்டுமானால் இந்த முட்டையைக் கொல்கிறதா என்று கேட்டால் போதும். இதைக் கொல்லும் முறை மற்ற கிருமிகளையும் அநேகமாகக் கொன்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வேளாண்மைக்குப் போகும் கசடில் உலர்ந்த எடையில் ஒரு கிராமுக்கு ஒரு முட்டைகூட இருக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் 1993 விதி இன்னும் கடுமை: எந்தத் தடையும் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய முதல் தரக் கசடு என்றால் 4 கிராமுக்கு ஒன்றுக்கும் கீழே.

சிக்கல் என்னவென்றால், அந்த முட்டையை எண்ணிச் சொல்லும் ஆய்வகம் ஒரு பேரூராட்சிக்குப் பக்கத்தில் கிடையாது. மாதிரியை வெளியூருக்கு அனுப்பி, முடிவு வருவதற்குள் சரக்கு வயலில் கொட்டப்பட்டிருக்கும். அதனால் என் அளவுகோல் ஒன்றுதான்: அந்த முறை வேலை செய்ததா இல்லையா என்பதை, நிலையத்தில் நிற்கும் பணியாளர் அன்றைக்கே தன் கையால் சோதித்துப் பார்க்க முடிய வேண்டும். இப்படிப் பார்த்தால் நன்றாக இருக்கிற சில முறைகள் பின்னுக்குப் போய்விடுகின்றன, சாதாரண முறை ஒன்று முன்னுக்கு வருகிறது.

முதலில் வெறுமனே வைத்திருப்பது. காய்ந்த கட்டியைக் கூரைக்குக் கீழே குவித்து, மேலே புதிதாக எதுவும் கொட்டாமல் விட்டுவிட வேண்டும். நம்முடையது போல 20 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள ஊர்களுக்கு ஒரு வருடத்துக்கும் கூடுதலான காலத்தை உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. செலவு மிகக் குறைவு, இயந்திரம் எதுவும் வேண்டாம். நாம் எடுத்துக்கொண்ட ஊருக்கு இடம் எவ்வளவு? காய்ந்த சரக்கை ஒரு மீட்டர் உயரத்துக்குக் குவித்தால் ஒரு வருடச் சரக்குக்கு ஏழெட்டு சென்ட், நடைபாதையும் தனித்தனிக் குவியலுக்கான இடைவெளியும் சேர்த்தால் பதினைந்து இருபது சென்ட். அதுவே போதும். தேதியைப் பலகையில் எழுதி வைத்தால் யாரும் சோதிக்கலாம். ஆனால் தேதிப் பலகையை நம்புகிற அளவுக்கு ஒழுங்கு வேண்டும். ஐப்பசி மழையில் சாரல் அடித்து ஈரமானால் கணக்கு கெடும். பழைய குவியல் மேல் புதுச் சரக்கு ஒரு கூடை விழுந்தாலும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. இதற்கெல்லாம் மேலே, ஒரு வருடம் கழித்தும் முட்டை முழுக்கச் செத்துவிட்டது என்று கற்பூரம் அடித்துச் சொல்ல முடியாது. குறைந்திருக்கும் என்றுதான் சொல்லலாம். அதனால் இப்படி வைத்திருந்த சரக்கை மரப்பயிருக்கு மட்டும் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

அடுத்தது சுண்ணாம்பு. கூட்டங்களில் இதைத்தான் முதலில் சொல்வார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் தெரிந்த பொருள். லாரிச் சரக்கில் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 3 கிலோ சுண்ணாம்பு கலந்தால் கார அளவு (pH) 12-க்கு ஏறும். அரை மணி நேரம் அப்படியே நின்றால் பாக்டீரியாவும் பல வைரஸும் செத்துவிடும், நாற்றமும் அடங்கிவிடும். காரத்தாள் ஒன்றை முக்கிப் பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், அந்த வகையில் என் அளவுகோலுக்குப் பொருந்துகிறது. ஆனால் நாக்குப்பூச்சி முட்டை இதற்கு அசையாது. அதையும் கொல்ல வேண்டுமென்றால் காரத்தோடு சூடும் வேண்டும். கார அளவு 12-இல் 72 மணி நேரம், அதற்குள் 12 மணி நேரமாவது 52 டிகிரி, பிறகு நூற்றுக்கு ஐம்பது பங்கு திடப்பொருள் வரும் வரை உலர்த்தல் என்பது அமெரிக்க விதி. அந்தச் சூடு வர வேண்டுமானால் நீற்றாத சுட்ட சுண்ணாம்பைக் கெட்டிக் கசடில் நிறையச் சேர்க்க வேண்டும். அதைக் கிளறும்போது கண்ணும் கையும் வெந்துபோகும் அபாயம் உண்டு. பணியாளர்களுக்குக் கண்ணாடியும் உறையும் கொடுக்காத ஊரில் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

மண்ணையும் பார்க்க வேண்டும். கோவை, ஈரோடு பக்கம் பல இடங்களில் மண்ணே சுண்ணாம்பு மண்; கார அளவு எட்டுக்கு மேல். துத்தநாகமும் இரும்பும் கிடைக்காமல் பயிர் வெளுத்துப் போவது அங்கே பழகிய காட்சி. அந்த வயலில் இன்னும் சுண்ணாம்பைக் கொட்டுவது பசித்தவன் வாயில் மண்ணைப் போடுகிற மாதிரி. நீலகிரியின் புளிப்பு மண்ணில் கதை வேறு. அங்கே விவசாயி காசு கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கிப் போடுகிறார், அதனால் சுண்ணாம்பு சேர்ந்த கசடு அங்கே இரட்டை லாபம். இன்னொரு நட்டமும் உண்டு: காரம் ஏறும்போது தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். கலக்கும்போது கண்ணைக் கரிக்கிறதே, அதுதான் போய்க்கொண்டிருக்கும் யூரியாப் பணம். சமவெளி ஊர்களுக்குச் சுண்ணாம்பை வெள்ளம், தொற்றுநோய் போன்ற அவசர நேரத்துக்கு மூட்டையில் வைத்திருந்தால் போதும்.

மூன்றாவது, காய்கறிக் கழிவோடு சேர்த்து மக்கவைப்பது. இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

கசடில் தழைச்சத்து அதிகம், நார் குறைவு. தனியாகக் குவித்தால் கட்டிபட்டுக் காற்றே போகாது. சந்தைக் கழிவு, வாழைத்தண்டு, சருகு, கடலைத் தோல் இவற்றில் நார் அதிகம். காய்ந்த கசடு ஒரு பங்கு, இந்தக் கழிவு இரண்டு மூன்று பங்கு என்று கன அளவில் கலந்து, ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நீளக் குவியலாகப் போட்டால் இரண்டு மூன்று நாளில் உள்ளே 55 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். கானாவின் குமாசி நகரில் 2000-களின் தொடக்கத்தில் இதே விகிதத்தில்தான் செய்து பார்த்தார்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் தேவனஹள்ளியிலும், வங்கதேசத்தின் சகிபூரிலும், இலங்கையில் பலாங்கொடையிலும் நகராட்சிகள் இந்த வழியில் போயிருக்கின்றன. இந்த மூன்றும் நம் ஊர் மாதிரி சின்ன ஊர்கள். நாம் எடுத்துக்கொண்ட ஊரில் நாளைக்கு ஒரு கன மீட்டர் அளவுக்குக் காய்ந்த கசடு வந்தால், இரண்டு மூன்று கன மீட்டர் மக்கும் குப்பை வேண்டும். அவ்வளவு குப்பை அந்த ஊரிலேயே சேரும். வீட்டிலேயே பிரித்து வாங்கினால்தான் உண்டு. பிளாஸ்டிக் கலந்த குப்பையைப் போட்டால் எந்த விவசாயியும் இரண்டாம் முறை வரமாட்டார்.

பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது? சூடும் நாளும் சேர்ந்து. குவியலைத் திறந்தவெளியில் கிளறிச் செய்தால் 55 டிகிரி அல்லது அதற்கு மேல் 15 நாள், அந்த 15 நாளில் ஐந்து முறை புரட்டல் என்பது அமெரிக்க விதியின் முதல் தரத்துக்கான நிபந்தனை. புரட்டல் ஏன் ஐந்து? குவியலின் நடுப்பகுதி கொதிக்கும்போது வெளி ஓரம் ஒரு சாண் ஆழத்துக்குக் குளிர்ந்தே கிடக்கும். ஓரத்துச் சரக்கு நடுவுக்குப் போய் வேக வேண்டும். மேலே இருப்பது கீழே, வெளியே இருப்பது உள்ளே என்று மாற்றிப் போடாமல் சும்மா கிளறிவிட்டால் புரட்டினதாகக் கணக்கில்லை.

இதைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. மூன்றடிக் கம்பி வைத்த வெப்பமானி ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம். காலையில் குவியலில் ஐந்து இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குச் செருகி, காட்டும் எண்ணை எழுத வேண்டும். வெப்பமானி கெட்டுப்போன நாளில் இரும்புக் கம்பியைப் பத்து நிமிடம் செருகி உருவிப் பார்க்கலாம். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று தெரியும், ஆனால் நோட்டில் எழுதும் எண்ணுக்கு அது ஈடாகாது. ஈரத்துக்கு ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரல் இடுக்கில் இரண்டு மூன்று துளி கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் கூடுதல், கையை விரித்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் குறைவு.

இன்னொரு சோதனை ஒரு நிலையத்தில் என் கண்ணில் பட்டது. உலர் படுகையின் வெடிப்புகளில் தக்காளிச் செடி வரிசையாக முளைத்து நின்றது. யாரும் விதைக்கவில்லை. நாம் சாப்பிட்ட தக்காளியின் விதை வயிற்றைத் தாண்டி, செப்டிக் டேங்கைத் தாண்டி, லாரியில் ஏறி வந்து அங்கே முளைத்திருக்கிறது. படுகையில் முளைத்தால் பரவாயில்லை, அங்கே சூடு ஏறுவதில்லை. அதே தக்காளி, முடிந்தது என்று சொல்லிச் சலித்து வைத்த மக்குரத்திலும் முளைத்தால் அந்தக் குவியல் சரியாக வேகவில்லை. முளைக்காவிட்டால் எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. முளைத்தால் மட்டும் திருப்பிப் போட்டு மறுபடி வேகவைத்தே ஆக வேண்டும்.

இந்த முறையின் பலவீனம் மனிதக் கை. புரட்டுவது கடினமான வேலை. கையால் புரட்டச் சொன்னால் மூன்றாவது வாரத்தில் யாரும் செய்யமாட்டார்கள், செய்யச் சொல்லவும் கூடாது. மலம் கலந்த சரக்கு அது. மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளும் வேலையை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டம் எதற்கு வந்ததோ அதை உரத்தின் பெயரால் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்துவிடக் கூடாது. முன்பக்கம் வாளி வைத்த சின்ன டிராக்டர் ஒன்று இந்த முறையின் விலையில் சேர்ந்தது என்றே கணக்குப் போட வேண்டும். அப்புறம் மண்வெட்டி. பச்சைச் சரக்கு தொட்ட மண்வெட்டியால் முடிந்த மக்குரத்தை அள்ளினால் 15 நாள் வேலையும் வீண், வெந்த சரக்கில் கிருமி மறுபடி பெருகும். கைப்பிடிக்குச் சிவப்பு, பச்சை என்று வண்ணம் அடித்துப் பிரித்து வைப்பது சின்ன வேலை. பச்சைக் குவியலிலிருந்து மழைநீர் வழிந்து முடிந்த குவியலுக்கு வராமல் தரைச் சரிவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீதி முறைகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கசடைக் காற்றில்லாமல் புளிக்கவைத்து வாயு எடுக்கும் எரிவாயுக் கலன் சென்னைக்குப் பொருந்தும். கொடுங்கையூர், பெருங்குடி போன்ற பெரிய கழிவுநீர் நிலையங்கள் கசடிலிருந்து வாயு எடுத்து மின்சாரம் தயாரிக்கின்றன. செப்டிக் டேங்க் கசடோ வீட்டிலேயே இரண்டு மூன்று வருடம் காற்றில்லாமல் புளித்து வந்தது, அதில் வாயு மிச்சம் அதிகமில்லை. தவிர, 35 டிகிரியில் ஓடும் கலன் நாக்குப்பூச்சி முட்டையைக் கொல்லாது. காமாக் கதிர் உண்மையிலேயே அருமையான தொழில்நுட்பம். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு அகமதாபாத் மாநகராட்சி 2019-இல் நாளைக்கு 100 டன் உலர் கசடைக் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டு கிருமி நீக்கும் நிலையத்தைத் தொடங்கியது. வதோதராவில் அதற்கு முன்னோடி 1992 முதல் இருந்தது. 100 டன் என்பது நம் ஊரின் ஒன்பது மாதச் சரக்கு. அந்தக் கோபால்ட் வருடத்துக்குச் சுமார் எட்டில் ஒரு பங்கு வலுவிழந்துகொண்டே போகும், சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும். மாநகராட்சிகள் யோசிக்க வேண்டியது, பேரூராட்சிகள் விட்டுவிட வேண்டியது. சுட்டுக் கரியாக்குவது எல்லாக் கிருமியையும் அழித்துவிடும். மணிச்சத்து கரியில் தங்கும், தழைச்சத்து பெரும்பாலும் புகையோடு போய்விடும். தொற்றுநோய் வார்டு உள்ள ஊருக்கும் உரம் வாங்க ஆள் இல்லாத ஊருக்கும் அது பொருந்தலாம். விவசாயி வாசலில் நிற்கும் ஊரில் தழைச்சத்தை எரிப்பது எனக்கு மனசு வரவில்லை.

இத்தனை முறையிலும் எதுவும் செய்ய முடியாத ஒன்று கன உலோகம். சூட்டாலும் சுண்ணாம்பாலும் கதிராலும் குரோமியம் குறையாது. மக்கும்போது எடை குறைவதால் ஒரு கிலோவில் அதன் அளவு கூடவே செய்யும். இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை நகர மக்குரத்தில் கிலோவுக்கு காட்மியம் 5, குரோமியம் 50, ஈயம் 100, துத்தநாகம் 1000 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. அமெரிக்காவின் உயர்தரக் கசடில் காட்மியம் 39, ஈயம் 300 வரை அனுமதி உண்டு. நம் எல்லை கடுமையானது, அப்படியே இருக்கட்டும். வீட்டு செப்டிக் டேங்கில் உலோகம் குறைவு. முலாம் பட்டறை, சாயப்பட்டறை, தோல் ஆலைத் தொட்டியை அள்ளிய அதே லாரி அடுத்த நடையில் வீட்டுக் கசடையும் கொண்டுவந்தால் எல்லாமே கெட்டது. லாரிக்காரரிடம் எந்த வீதி, எந்தத் தொட்டி என்று வாசலிலேயே கேட்டு எழுதாத நிலையம் உரம் விற்கத் தகுதியில்லாதது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலம் 2022-இல் கசடை வயலில் போடுவதையே தடை செய்தது, அழியாத ஃபுளோரின் வேதிப்பொருள்கள் மண்ணிலும் பாலிலும் ஏறியதால். சுவிட்சர்லாந்து 2006-லேயே நிறுத்திவிட்டது. இரண்டும் ஆலைக் கழிவு சேர்ந்த சாக்கடைக் கசடின் கதை. நம் சின்ன ஊர்களில் வீட்டுக் கசடு இன்னும் தனியாக வருகிறது. பாதாளச் சாக்கடையில் ஆலையையும் வீட்டையும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

எந்தப் பயிருக்கு என்பதும் தேர்வின் பாதி. முழுமையாக வேகவைக்காத இரண்டாம் தரக் கசடைப் போட்ட நிலத்தில், மண்ணைத் தொடும் காயை 14 மாதம் வரை பறிக்கக் கூடாது, மண்ணுக்குள் விளையும் கிழங்குக்கு 38 மாதம் வரைகூடக் காத்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. முள்ளங்கி, கேரட், கீரை, கொத்தமல்லி போடும் விவசாயியிடம் மூன்று வருடம் காத்திரு என்றால் சிரிப்பார். அதனால் ஒரு வருடம் வைத்திருந்த சரக்கு தென்னைக்கும் மரப்பயிருக்கும் மட்டும், அதுவும் பாத்தியில் போட்டு மண் மூடி. சூட்டுக் கணக்கு எழுதிய மக்குரம் வாழை, கரும்பு, நெல்லுக்கு அடியுரமாக. பச்சையாகத் தின்னும் கீரைக்கு வெந்த மக்குரத்தையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன், சட்டம் அனுமதித்தாலும். இன்னொன்று: கசடில் சாம்பல்சத்து (பொட்டாஷ்) குறைவு, அது தண்ணீரோடு வடிந்துவிடுகிறது. தென்னையும் வாழையும் அதிகம் கேட்பதே சாம்பல்சத்தைத்தான். மக்குரம் போட்டோமே என்று பொட்டாஷை நிறுத்தினால் தார் சிறுத்துவிடும்.

ஆக, நம் ஊர் மன்றத்தில் நான் உட்கார்ந்திருந்தால் காய்கறிக் கழிவோடு மக்கவைக்கும் முறைக்குக் கை தூக்குவேன், டிராக்டரும் கூரையும் சேர்த்து நிதி கேட்பேன். குப்பை பிரிப்பு இன்னும் சரியாகாத ஊர் என்றால் முதல் இரண்டு வருடம் வைத்திருக்கும் முறையில் ஓட்டி, தென்னைக்கு மட்டும் கொடுக்கலாம். இரண்டுக்கும் அதே உலர் படுகை, அதே கூரை, போட்ட பணம் வீணாகாது.

காலமும் ஒத்துவருகிறது. தையில் காய்ந்த கசடை மாசியில் குவியல் போட்டால் வெயில் துணை நிற்கும். பதினைந்து நாள் வெந்து, இரண்டு மாதம் ஆறி முதிர்ந்து, வைகாசியில் சலித்து மூட்டை கட்டலாம். ஆடிப்பட்டத்துக்கு அடியுரம் தேடி விவசாயி வரும்போது சரக்கு தயார். மூட்டையோடு அந்தக் குவியலின் நோட்டுப் பக்கத்தையும் ஒரு நகல் எடுத்துக் கொடுக்கட்டும். எந்தத் தேதியில், எந்த இடத்தில், எத்தனை டிகிரி, யார் எழுதினார்கள் என்று பார்த்துவிட்டு அவர் வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம்.